இரண்டு நாளாகத் தொடவில்லை

அவர் எங்கள் மையத்துக்கு முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில். காக்கிச் சட்டையைக் கழற்றித் துணிப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட வேறொரு சட்டையில் வந்திருந்தார். படியேறுவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்ததை நான் ஜன்னல் வழியாகக் கவனித்தேன். செஞ்சியில் திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் மையம். குடியை விட நினைக்கிறவர்கள் அந்த மாடிப்படி ஏறவேண்டும். ஏறுவது கஷ்டமில்லை. ஏறும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடக் கூடாது, அதுதான் கஷ்டம்.

தனியார் பஸ் டிரைவர். செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் இடையே ஓட்டுகிறவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் விபூதி. வாயில் கிராம்பு வாசனை.

"சாயங்காலம் மட்டும்தான் மேடம்" என்றார். "வண்டிய ஷெட்டுல வுட்டுட்டு ஒரு குவாட்டரு. டூட்டில தொட மாட்டேன். என் பொண்ணு மேல சத்தியமா."

நான் நம்பினேன். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா? அவர் இல்லை என்றார், நான் இல்லை என்று எழுதினேன். அந்தக் கேள்வியை நான்கு விதமாகத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரு விதமாகக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை. தண்ணீர் டம்ளரை அவர் எடுத்தபோது கை கொஞ்சமும் ஆடவில்லை. அதைப் பார்த்து, இவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினேன். ஏன் ஆடவில்லை என்று யோசித்திருக்க வேண்டும்.

"இங்க பேசுறது இந்த ரூமத் தாண்டாது அண்ணா" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். பிறகு, எல்லோரிடமும் சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னேன். "ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்க. ரெண்டு நாள் இருக்க முடிஞ்சிதுன்னா, மீதிய நாம பேசியே சரிபண்ணிடலாம்."

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அவ்ளோதானா மேடம்?" என்றார்.

நான் அங்கே ஆலோசகராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்தாறு.

இதை எழுதும்போது கூசுகிறது. ஏனென்றால், வருஷக்கணக்காகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

செஞ்சிக்கு மேற்கே எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கர்கள். தவக்காலம் என்ற நாற்பது நாள் நோன்பு வந்தால் பாதி ஆண்கள் குடியை விடுவார்கள். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் அன்று மத்தியானம் மறுபடி தொடங்குவார்கள். என் அம்மாவின் தம்பி, கொத்தனார் வேலை செய்த என் மாமா, அதுவரை எந்தத் தவக்காலத்திலும் விட்டதில்லை. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஒரு வருஷம், நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து இனிமேல் தொட மாட்டேன் என்று சொன்னார். சொன்னபடியே இருந்தார். வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது ஆண்கள் பக்கத்தில் தடாலென்று ஒரு சத்தம். மாமா தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாமியாரிடம் பாவத்தை மறைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார், அதனால்தான் என்றார்கள் சிலர். பேய் என்றார்கள் சிலர். அம்மா மட்டும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். "குடிச்சிகினே இருந்தான், நல்லா இருந்தான். சாமிக்காக வுட்டான், செத்தான்."

பல வருஷம் கழித்து, சமூகப்பணி படிக்கப் புதுச்சேரிக்குப் போனபோது, ஒரு பேராசிரியை பாடத்தின் நடுவே அரை நிமிடம் சொல்லிவிட்டுப் போனார். உடம்பு குடிக்குப் பழகிய பிறகு அதைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வலிப்பு வரலாம், சாகவும் சாகலாம், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை. மாமா குடியால் சாகவில்லை. யாருக்கும் தெரியாததால் செத்தார்.

அங்கிருந்துதான் இந்த வேலை. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "குடிகாரனுங்களோட குந்திகினு பேசறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?" என்று கேட்டார் நைனா. பெண் பார்க்க வந்த இரண்டு இடம், வேலை என்னவென்று கேட்டதும் சத்தமில்லாமல் நழுவின. அம்மா இன்றுவரை வெளியில் கேட்பவர்களிடம் "பொண்ணு ஆஸ்பத்திரில வேல செய்யுது" என்றுதான் சொல்கிறாள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒருவரிடம் இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள் என்றேன். படுக்கையில் சேர்த்து மருந்து கொடுக்கவேண்டிய ஆள் என்றால், அழுக்கு லுங்கியும் தாடியுமாக இருப்பார் என்று என் மனத்தில் ஒரு படம் இருந்தது. விபூதி பூசிய டிரைவர் அந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை. காரணம் அவ்வளவுதான். டாக்டர் சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். அவர் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் டிரைவரை நான் சேர்க்கவே இல்லை.

வியாழக்கிழமை அமாவாசை. மத்தியானம் இரண்டு மணிக்கு மையத்தின் போன் அடித்தது.

"மேடம், நான் டிரைவரு வூட்டுக்காரி பேசறேன். செவ்வாக்கெழம வந்தாரே, அவரு. நீங்க நல்லா இருக்கணும் மேடம். ரெண்டு நாளா தொடல! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்டி நான் பாத்ததே இல்ல."

சில விநாடி எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"அப்படியா அக்கா? எப்படி இருக்காரு?"

"தூக்கம்தான் இல்ல. ரா முச்சூடும் நடந்துகினே இருந்தாரு. சட்டையப் புழிஞ்சா தண்ணி கொட்டும், அப்டி வேர்வ. காலைல பட்டன் போட முடியல, கை அந்த ஆட்டம் ஆடுது. நான்தான் போட்டு வுட்டேன். மத்தபடி நல்லாதான் இருக்காரு. டூட்டிக்குப் பூட்டாரு."



"அக்கா, காலைல குடிப்பாரா? தினமும்?"

"உங்களாண்ட சொல்லலியா?" என்றாள். "எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டாதான் பல்லே வெளக்குவாரு. வண்டிலகூட தண்ணி பாட்டில்ல கலந்து வெச்சிருப்பாரு. பல வருசமா அப்டித்தான்."

போனை வைத்துவிட்டு டிரைவரின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். வேறு ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டாவது முறையில் எடுத்தார். நான் உளறியதை நடுவில் நிறுத்தி இரண்டே கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப குடிச்சாரு?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"இப்ப எங்க இருக்காரு?"

"பஸ் ஓட்டிட்டு இருக்காரு."

"இறக்கு" என்றார். "எப்படியாவது வண்டிய விட்டு இறக்கி ஜி.எச்.க்குக் கூட்டிட்டுப் போ. டூட்டி டாக்டர்கிட்ட நான் பேசறேன். திட்டறதெல்லாம் அப்பறம்."

பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். அமாவாசை என்றால் அங்கே நிற்க இடம் இருக்காது. அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் புடவைகளும், எலுமிச்சம்பழப் பைகளும், தோளில் குழந்தைகளுமாக ஆட்கள். எந்தப் பஸ் திரும்பினாலும் அதன் பின்னால் ஓடுவார்கள். மலைப்பாறைகள் குடித்து வைத்திருந்த வெயிலெல்லாம் அந்த நேரத்தில் ஊருக்குள் இறங்கியது. அவருடைய பஸ்ஸின் பெயரைச் சொல்லி வேறொரு கண்டக்டரிடம் விசாரித்தேன்.

"அது மலையனூர்லேர்ந்து திரும்பி வந்துகினு இருக்கும். இருபது நிமிசம் ஆவும்."

அந்த இருபது நிமிடத்தை நான் எப்படிக் கடத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை. நுழைவாயிலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தச் சாலை எனக்குத் தெரியும். ஏரிக்கரை மேல் போகும் ஓர் இடம், கிணற்றை ஒட்டியபடி திரும்பும் ஒரு வளைவு, பள்ளிக்கூடம். ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்தது. பஸ்ஸில் எழுபது பேராவது இருப்பார்கள். ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமிட்டபடி மேல்மலையனூர் பக்கம் போனபோது, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மல்லாட்டை விற்றவர், "இன்னாமா, மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?" என்றார்.

பஸ் வந்தது. திரும்புகிற இடத்தில் தேவைக்கு மேல் அகலமாகத் திரும்பி, முன்சக்கரம் நடைமேடை விளிம்பில் ஏறி இறங்கி நின்றது. ஆட்கள் இறங்கி முடிப்பதற்குள் ஜன்னல் வழியே துண்டும் பையும் போட்டு இடம் பிடித்தார்கள். நான் டிரைவர் பக்கத்துக் கதவுக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மேடம்! நீங்க இன்னா இங்க? ரெண்டு நாள் மேடம். தொடவே இல்ல."

அந்த முகத்தில் இருந்த பெருமையை என்னால் மறக்க முடியவில்லை. கண்கள் சிவந்து, உதடு வெளுத்து, கழுத்திலிருந்து வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் நடுங்கியது. என்ஜின் ஓடுவதால் என்று நினைத்தேன். அவர் என்ஜினை அணைத்தார். அப்போதும் அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அண்ணா, இறங்குங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன் தணிந்த குரலில்.

"எதுக்கு?"

"நீங்க சட்டுனு நிறுத்திட்டீங்க. வலிப்பு வரும். வண்டில இருக்கும்போது வந்துச்சின்னா..."

"நீங்கதான மேடம் நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் தப்பா சொல்லிட்டேன் அண்ணா."

அவர் புரியாமல் பார்த்தார். "குடிக்காதன்னு சொன்னது தப்பா?" பிறகு அவர் குரல் மாறியது. "இன்னும் நாலு ட்ரிப்பு இருக்குது. அமாவாசையில எறங்கனேன்னா நாளைக்கு வேற ஆளு குந்துவான் இந்த சீட்ல. போங்க மேடம். வேலையக் கெடுக்காதீங்க."

அதற்குள் பஸ் முதலாளியின் மேனேஜர் விசிலோடு வந்துவிட்டார். வண்டி ஏன் எடுக்கவில்லை என்று கேட்டவர், என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்.

"இவருக்கு உடம்பு சரியில்ல. ஓட்டக் கூடாது."

"உனக்கு எப்டித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பஸ்ஸில் சாய்ந்து நின்ற ஒருவர் சத்தமாகச் சொன்னார். "பாத்திரக்கட மாடியில குடிய வுட வெக்கிற எடம் இருக்குதே, அங்க இருக்கிற பொண்ணு அது."

டிரைவரின் முகம் அப்படியே அடங்கிப்போனது. இந்த அறையைத் தாண்டாது என்று நான் சொன்ன வாக்கு, ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வராமலேயே, நான் வந்து நின்றதாலேயே உடைந்துவிட்டது. ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தை உடைக்கலாம் என்று எங்கள் பாடத்தில் ஒரு வரி இருக்கிறது. உடைக்கும்போது எதிரில் இருப்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று அதில் இல்லை.

மேனேஜர் ஜன்னல் ஓரம் எம்பினார். "குடிச்சிட்டா ஓட்டற? ஊது."

டிரைவர் ஊதினார்.

"வாசனையே இல்லியே! இன்னாமா நீ?"

"இன்னைக்கு அவரு குடிக்கல. குடிக்காததாலதான் ஆபத்து."

ஜன்னல்களிலிருந்து சிரிப்பு கிளம்பியது. "அப்போ ஒரு கட்டிங் வாங்கிக் குடுத்தா சரியாப்பூடுமா?" என்று கேட்டான் ஒருவன். கொஞ்ச நேரத்துக்கு ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

உள்ளேயிருந்து தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். "வண்டிய எடுப்பா! வெயில்ல சாவுறோம்!" மேனேஜர் விசில் ஊதினார். "எட்றா வண்டிய."

பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படிச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. சுற்றிக்கொண்டு ஓடி முன்படியில் ஏறிக்கொண்டேன். அவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று தெரியாது. எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஆனால் அந்தப் பஸ் போனால் நானும் அதில் இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது. கியர் போட இடது கையை நீட்டியவர் அப்படியே நின்றார். பக்கத்தில் இருந்த என்ஜின் மூடியைப் பார்த்தார்.

"ஏம்மா, பேனட் மேல குந்தாத. சுடும். எறங்கு" என்றார்.

பேனட் மேல் யாரும் இல்லை. ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். "யார சொல்றண்ணா?"

"தோ. மஞ்சப் பொடவ. தலைய விரிச்சிப் போட்டுகினு... என்னையே பாக்குது பாரு." அவர் குரல் தேய்ந்தது. "போவச் சொல்லுடா அத்த."

முன்சீட்டுகளில் பேச்சு நின்றது. அந்த அமைதி ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் போனதை என்னால் கேட்க முடிந்தது. பிறகு முதல் சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"அங்காளம்மா! தாயே! வண்டி எடுக்க வோணாம்னு சொல்றா ஆத்தா!"

யாரோ குலவை போட்டார்கள். அடுத்த நிமிடம் இரண்டு படிகளிலும் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு, பைகளை ஜன்னல் வழியே வீசிக்கொண்டு இறங்கினார்கள். அரைமணி நேரம் காத்திருந்து அடித்துப் பிடித்து ஏறிய பஸ் சற்று நேரத்தில் காலியாகிவிட்டது. கீழே நின்று பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மேனேஜர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் தூங்காத, குடி கிடைக்காத மூளை காட்டுகிற உருவம். அதை நான் யாருக்கும் விளக்கவில்லை. அவர்களுடைய நம்பிக்கையை என் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கவில்லை. டிரைவர் சீட் அருகில் குனிந்து சொன்னேன்.

"அண்ணா, அவங்க இறங்க மாட்டாங்க போலிருக்கு. நாம இறங்கிடலாம். வாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பேனட்டைப் பார்த்தார். "ஆமா" என்றார். "நாம எறங்கிடலாம்."

நானும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். பின்னால் மேனேஜர் யாரையோ போனில் கூப்பிட்டு மாற்று டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோ பாதி வழி வந்தபோது டிரைவர் திடீரென்று தெளிவாக, "எல்லார் எதிர்லயும் சொல்லிட்டியேம்மா" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அரசு மருத்துவமனை வாசலில் ஆட்டோ திரும்பும்போது அவர் கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கு உடனே கோவில் தரை ஞாபகம் வந்தது. உடம்பு விறைத்து, பிறகு வெட்ட ஆரம்பித்தது. கண்டக்டர் அலறிக்கொண்டே பஸ் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். வலிப்புக்கு இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பது ஊர் வழக்கம். நான் சாவியைப் பிடுங்கிப் போட்டேன். அவரை இழுத்துத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்தேன். பற்களுக்கிடையிலிருந்து ரத்தம் கலந்த நுரை வழிந்தது. நர்ஸ் ஒருவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார். நரம்பில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் அடங்கி, மறுபடியும் ஒரு முறை வந்தது. மறுபடியும் மருந்து. டூட்டி டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் ரோட்ல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

அவர் மனைவி வந்தபோது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் போனில் என்னை வாழ்த்திய அதே குரல்.

"நீதான நிறுத்தச் சொன்ன?"

"ஆமா அக்கா. நான்தான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும்."

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. என் துப்பட்டாவில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "பொழச்சா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள்.

நான்கு நாள் அவருக்கு நினைவு சரியாக இல்லை. கட்டிலில் கட்டி வைத்திருந்தார்கள். இல்லாத பஸ்ஸுக்குக் கியர் போட்டுக்கொண்டே இருந்தாராம். சனிக்கிழமை டாக்டர் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேஸ் ஷீட்டை என் பக்கம் தள்ளினார். "நடந்தத நடந்தபடி எழுது. நீ கேக்காம விட்டதையும் எழுது" என்றார். எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு தாளில் ராஜினாமாக் கடிதமும் எழுதி மேசை டிராயரில் வைத்தேன். அன்றைக்கு அதைக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல், அரசுத் தேர்வுப் புத்தகங்களை எடுத்துத் தூசு தட்டி என் கட்டில்மேல் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை மையத்தைத் திறந்த உடனே அவர் மனைவி படியேறி வந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கணவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணத் தொறந்துட்டாரு. என்ன அடையாளம் தெரியுது" என்றாள். "வேல பூட்சி. வூட்டுக்கு வந்தார்னா மொத நாளே குடிப்பாரு. எனக்குத் தெரியும். சொல்லு. இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"அக்கா, என்கிட்டயா கேக்கறீங்க?"

"வேற யார்கிட்ட கேக்கறது? தப்பு பண்ணேன்னு சொன்னது நீ ஒருத்திதான். மத்தவங்கள்லாம் சாமி கண்ணக் குத்திச்சின்னு சொல்லிகினு இருக்காங்க."

அவளிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். நான் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். காலையில் எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டிலில், எங்கே ஒளித்து வைப்பார் என்று எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவள் போன பிறகு டிராயரில் இருந்த கடிதத்தைக் கிழிக்கவில்லை. அது அங்கேயே கிடந்து, ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, மற்ற தாள்களோடு ஒட்டிப்போனது.

அவர் பிழைத்தார். ஆனால் கதை அதோடு நேராகிவிடவில்லை. அவள் சொன்ன மாதிரியே குடித்தார். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இந்த முறை மருந்தோடு நிறுத்தினார். ஏழு மாதம் இருந்தார். பிறகு ஒரு சாவு வீட்டில் குடித்தார். மறுபடி சேர்ந்தார். சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் வேறொரு ஆலோசகரிடம்தான் உட்காருவார். என்னிடம் வரமாட்டார். அது அவருடைய உரிமை என்று அவர் மனைவியிடம் சொன்னேன். வலிப்பு வந்தவர் என்பதால் பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். எந்த முதலாளியும் கூப்பிடவும் இல்லை. இப்போது அவர் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறார். கடைசியாகக் குடித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய எழுபது பேரில் ஒருவருக்காவது வலிப்பு வந்தது தெரியுமா என்று தெரியவில்லை. ஆத்தா வண்டியை நிறுத்திய கதையை இன்றைக்கும் பேருந்து நிலையத்தில் சொல்கிறார்கள். அதில் நான் இல்லை.

போன மாதம் பக்கத்து ஊரான அனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மட்டும்தான் இடம் காலி. நான் தயங்கி நின்றேன். அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

அவர் முன்னால் இருந்த டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மேட்டில் பஸ் திணறியபோது அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"செகண்டுல ஏத்தணும் இந்த மேட்ட" என்றார், யாரிடமும் இல்லாமல். "தேர்டுலயே இழுக்கறான் பாரு. வண்டி அழுவுது."

"அப்படியா அண்ணா?" என்றேன்.

"ஆமா." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "பொண்ணு நர்சிங் சேர்ந்திருக்குது" என்றார்.

மேடு முடிந்ததும் பஸ் வேகம் எடுத்தது. தன் நிறுத்தம் வந்தபோது எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுசாக நிற்கும்வரை காத்திருந்து இறங்கினார்.